கோடீஸ்வரன் டீமுக்கு ஊர்ப்பணத்துல ஸ்டேடியம் - சேகருக்கு ஒரு கடிதம்

டேய் சேகரு,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடலன்னு திட்டாத. ரிட்டையர் ஆனா நேரம் கொட்டிக் கெடக்கும்னு பாத்தா, நான் சும்மா இருக்கேன்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, ஆளாளுக்கு அவங்க வரிக் கணக்க கொண்டாந்து என் தலைல கட்டிட்டுப் போறாங்க. பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டா. வீட்டுல ஒரு பொருள் வச்ச எடத்துல இல்ல. மத்தபடி எல்லாரும் சௌக்கியம்.

நீ கேட்டிருந்தியே, அமெரிக்காவுல பெரிய பணக்காரன் டீமுக்கு அரசாங்கம் எதுக்குடா ஸ்டேடியம் கட்டித் தருது, அதனால ஊருக்கு வேலை, வருமானம்லாம் வருதாமே, நெசமான்னு. இதுல ரெண்டாவது பாதிக்கு பதில் ஈசி: போட்ட காசுக்கு ஏத்த மாதிரி வராது. எதுலயும் ஒத்துப்போகாத பொருளாதாரக்காரங்க முப்பது வருஷத்துக்கு மேல ஆராய்ச்சி பண்ணி இதுல மட்டும் கிட்டத்தட்ட ஒரே குரல்ல சொல்றாங்க. ஒரு குடும்பம் ஜாலிக்குன்னு ஒதுக்குற காசு அவ்வளவுதான், மேட்ச்சுக்குப் போனா அந்த வாரம் சினிமாவுக்குப் போகாது, அதே காசு வேற கல்லால விழுது. அதுலயும் அமெரிக்கன் ஃபுட்பால்னா சொந்த ஊர்ல நடக்குற லீக் மேட்ச் வருஷத்துக்கு எட்டோ ஒம்பதோதான், மீதி நாள் பூரா அவ்ளோ பெரிய கட்டடமும் அத சுத்தி இருக்குற பார்க்கிங்கும் பெரும்பாலும் காத்து வாங்கிட்டு நிக்கும்.

எனக்கு சுவாரசியமா இருக்கறது மொத பாதிதான். இது இப்படித்தான்னு தெரிஞ்சும் ஏன் குடுக்குறாங்க? ஏன்னா டீம் எண்ணிக்கை லீக் கையில இருக்கு. அந்த ஃபுட்பாலோட லீக்கான என்எஃப்எல்ல மொத்தம் 32 டீம், அதுக்கு மேல வேணும்னா லீக் மனசு வைக்கணும், நீயா ஒரு டீம ஆரம்பிச்சு உள்ள நுழைய முடியாது. டீம் வேணுங்கற ஊரு எப்பவும் டீம விட ஒண்ணு ரெண்டு ஜாஸ்தியாவே இருக்கும், அந்த காலி ஊருதான் ஓனரோட துருப்புச்சீட்டு. லாஸ் ஏஞ்சலஸ பாரு, அவ்ளோ பெரிய ஊருல 1995லேந்து 2015 வரைக்கும் ஒரு என்எஃப்எல் டீம் கூட கெடையாது, அந்த இருபது வருஷத்துல எத்தன ஓனருங்க "புது ஸ்டேடியம் தரலன்னா அங்க போயிடுவேன்"னு சொந்த ஊர மெரட்டி காரியம் சாதிச்சாங்க தெரியுமா. காலியா இருந்ததுதான் லீக்குக்கு லாபம்.

செயின்ட் லூயிஸ் கதை இன்னும் மோசம். ராம்ஸ் டீம் வரணும்னு அரசுக் காசுல கூரை போட்ட ஸ்டேடியம் கட்டி 1995ல கூட்டிட்டு வந்தாங்க. லீஸ்ல ஒரு வரி, அத படிச்சப்ப எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு: குறிப்பிட்ட வருஷங்கள்ல அந்த ஸ்டேடியம் லீக்ல இருக்குற மொத்த ஸ்டேடியத்துலயும் முதல் கால்வாசிக்குள்ள இருக்கணும், இல்லன்னா டீம் லீஸ்லேந்து கழண்டுக்கலாம். யோசிச்சு பாருடா, மத்த ஊருங்க புதுசு புதுசா கட்டக் கட்ட இவன் எதுவும் பண்ணாமலே பின்தங்கிடுவான், எல்லா ஊரும் இதே வரில கையெழுத்துப் போட்டா முக்கால்வாசி பேரு தோத்துதான் ஆகணும். கடைசில அதுதான் நடந்துச்சு, மத்தியஸ்தர் டீம் பக்கம் தீர்ப்பு சொன்னாங்க, 700 மில்லியன் டாலர் கிட்ட செலவு பண்ணி புதுப்பிக்க ஊரு முடியாதுன்னுடுச்சு, 2016ல டீம் லாஸ் ஏஞ்சலஸுக்கே போயிடுச்சு. கேஸ் போட்டு 2021ல 790 மில்லியனுக்கு சமரசம் ஆச்சு, அது மட்டும் ஆறுதல்.

மக்கள்கிட்ட நேரா கேட்டா என்ன சொல்றாங்கன்னும் பாரு. மிசோரி மாநிலத்துல ஜாக்சன் கவுன்ட்டி (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) 2024 ஏப்ரல்ல ஓட்டெடுப்பு வச்சுச்சு, ஃபுட்பால் டீம் சீஃப்ஸ், பேஸ்பால் டீம் ராயல்ஸ் ரெண்டுக்கும் சேத்து விற்பனை வரி நாப்பது வருஷத்துக்கு, வேணாம்னு நல்ல வித்தியாசத்துல தூக்கிப் போட்டாங்க. மூணு மாசம் கூட முழுசா ஆகியிருக்காது, ஜூன்ல பக்கத்து கான்சாஸ் மாநிலம் கட்டுமானச் செலவுல 70 சதவீதம் வரைக்கும் பாண்டு (கடன் பத்திரம்) போட்டு தர்றோம்னு சட்டமே பாஸ் பண்ணிடுச்சு. ஒரு பக்கம் மக்கள் கதவ மூடினா எல்லைக்கு அந்தாண்ட ஒரு கதவு தொறக்குது.

சரி, என் தொழில் பக்கம் வர்றேன். ஓனருங்க எல்லாம் நஷ்டம் நஷ்டம்னு பொலம்புறத கேட்டிருப்ப. கணக்குல பாத்தா நஷ்டம்தான், பொய்யில்ல! ஆனா அது எழுதின நஷ்டம். அங்க ஒருத்தன் டீம் வாங்கினா வாங்கின வெலையில கிட்டத்தட்ட முழுசையும் பதினஞ்சு வருஷத்துல தேய்மானமா எழுதித் தள்ளலாம், 2004ல வந்த சட்டம். 150 கோடி டாலர் டீம்னா வருஷத்துக்கு 10 கோடி நஷ்டம் காகிதத்துல, அத வேற வியாபாரத்து வருமானத்துக்கு எதிரா காட்டவும் பல ஓனருங்களுக்கு வழி இருக்கு. மெஷின் தேயும், லாரி தேயும். டீம் எங்கடா தேயுது? வாஷிங்டன் டீம 1999ல 80 கோடி டாலருக்கு வாங்கினவர் 2023ல 605 கோடிக்கு வித்தார், அவர் காலத்துல டீம் ஜெயிச்சது கொஞ்சம், வசவு வாங்கினது ஏராளம். லாபத்துக்கு விக்கறப்ப அப்படி எழுதினதுக்கு வரி கட்டணும், உண்மைதான், ஆனா அதுவரைக்கும் அரசாங்கம் குடுத்த வட்டியில்லாத கடன்தானே அது. நாப்பது வருஷம் பேலன்ஸ் ஷீட் பாத்த எனக்கே இது கண்ண உறுத்துது.

அப்ப ஸ்டேடியத்துக்கு காசு போட்ட ஊரு, டீம் வித்தா எங்களுக்கும் பங்கு வேணும்னு கேக்கலாமேன்னு தோணும். மயாமி கேட்டுச்சு. மார்லின்ஸ் டீம ஜெஃப்ரி லோரியா 2002ல 15.8 கோடி டாலருக்கு வாங்கினார், 2012ல புது பேஸ்பால் ஸ்டேடியம் தொறந்தாங்க, பெரும்பங்கு ஊர்க்காசு. அதுக்கு வாங்கின கடன்ல ஒரு பாகம் 9.1 கோடிதான், பல வருஷம் எதுவும் கட்டாம தள்ளிப்போட்டதால முடியும்போது 120 கோடி கிட்ட ஆயிடும். அந்த ஆத்திரத்துலயும் சேத்துதான் கவுன்ட்டி மேயர 2011ல மக்கள் ஓட்டுப் போட்டு பதவிலேந்து எறக்கினாங்க. 2017ல லோரியா 120 கோடிக்கு வித்தார். ஒப்பந்தப்படி லாபத்துல சின்ன பங்கு ஊருக்கு. வந்த கணக்கு என்ன தெரியுமா? கடன், வரி, ஆலோசனைக் கட்டணம்னு ஒண்ணொண்ணா கழிச்சு 14 கோடி நஷ்டம், அதனால உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு பேப்பர்! கேஸ் போனாங்க, கடைசில சொற்பத்துக்கு சமரசம். "லாபத்துல பங்கு"ன்னு எழுதினா இப்படித்தான், "விக்கற வெலையில பங்கு"ன்னு எழுதணும், எந்த ஜூனியர் ஆடிட்டர கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

இதெல்லாத்துக்கும் மறுபக்கமா கிரீன் பே பேக்கர்ஸ்னு ஒரு என்எஃப்எல் டீம் இருக்கு. சின்ன ஊரு, 1923லேந்து ஊர் மக்களே ஷேர் வாங்கி நடத்துற டீம். டிவிடெண்ட் கெடையாது, ஷேர லாபத்துக்கு விக்க முடியாது, ஃப்ரேம் போட்டு செவுத்துல மாட்டி வச்சுக்கத்தான் அந்த பேப்பர். ஆனா டீம் வேற ஊருக்குப் போயிடும்ங்கற பயம் இல்ல. ரொம்ப நல்லா இருக்கேன்னு மத்த ஊரும் பண்ணலாமான்னா லீக் விதியே தடுக்குது, முக்கிய ஓனர்னு ஒருத்தர் இருந்தாகணும். என்எஃப்எல்ல இவங்க மட்டும்தான் வருஷா வருஷம் கணக்க வெளில விடுவாங்க, அதுல 2024 வருஷக் கணக்குல லீக் பொதுவுல பிரிச்சுக் குடுத்தது மட்டும், பெரும்பாலும் டிவி காசு, 40 கோடி டாலருக்கு மேல. அதாவது ஸ்டேடியத்துல ஒரு டிக்கெட் விக்காட்டியும் அவ்ளோ கைல. (ரொம்ப புகழ வேணாம், இவங்களும் 2000ல ஓட்டெடுப்பு வச்சு ஸ்டேடியம் புதுப்பிக்க விற்பனை வரி வாங்கினவங்கதான். ஆனா மக்கள்கிட்ட கேட்டு வாங்கினாங்க, 2015ல வரிய நிறுத்தவும் செஞ்சாங்க.)

சொந்தக் காசுல கட்ட முடியாதான்னா அதுவும் முடியும். அதே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இங்கிள்வுட்ல ராம்ஸ் ஓனரு 2020ல ஒண்ணு, கிளிப்பர்ஸ்ங்கற பாஸ்கெட்பால் டீமோட ஓனரு ஸ்டீவ் பால்மர் 2024ல ஒண்ணுன்னு பெருசா கட்டித் தொறந்துட்டாங்க. அங்க கூட்டமும் காசும் நிச்சயம்னு தெரியும், ஊருக்காரனும் கெஞ்சல, அதனால பாக்கெட்டுலேந்து எடுத்தாங்க. பஃபலோ ஊருலயும் அதே என்எஃப்எல்தான், ஆனா அங்க ஸ்டேடியத்துக்கு நியூயார்க் மாநிலமும் கவுன்ட்டியும் சேந்து 85 கோடி டாலர் குடுத்தாங்க.

நீ இன்ஜினியர் ஆச்சே, எனக்கு ஒண்ணு சொல்லு. முப்பது வருஷத்துல இடிக்கிறாங்க, அட்லான்டால ஒண்ண இருபது சீசன்லயே டீம் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. கான்கிரீட்டுக்கு ஆயுசு அவ்ளோதானா, இல்ல விஐபி பாக்ஸ் பத்தலங்கறதத்தான் பழசாயிடுச்சுன்னு வேற பேருல சொல்றாங்களா? வெவரமா எழுது. முட்டி வலிக்கு டாக்டர பாத்தியா இல்லையா, அதையும் எழுது.

உன்
மணி