வீல் கப்ப நிமித்திக் குடுத்த அண்ணனுக்கு

போன ஞாயித்துக்கிழம தலவாக்கலை தாண்டி ஒரு வளைவுல நம்ம தாத்தா காலத்து மொரிஸ் மைனர் காரோட வீல் கப் (சக்கரத்து நடுவ மூடுற தகட்டு மூடி) கழண்டு உருண்டு ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள விழுந்து நல்லா நசுங்கிருச்சு. மழ வேற. நான் கல்லால தட்டப்போக, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பக்கமிருந்து ஓடிவந்த அண்ணே ஒருத்தரு "வேணாம் தம்பி, கண்டபடி அடிச்சா தகடு இழுபட்டு விரிஞ்சிரும்"னு சொல்லி, சாக்குல மண்ண நெரப்பி அதுமேல கப்ப கவுத்து வெச்சு, மரச் சுத்தியலால உள்பக்கமா, நசுங்கின ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு கொஞ்சங் கொஞ்சமா தட்டித் தட்டியே எடுத்தாரு. கீறலுக்கு உப்புத்தாள் போட்றாதீங்க, மேல இருக்கிற குரோம் முலாம் ரொம்ப மெல்லிசு, அலுமினியத் தாள தண்ணில நனச்சு தேச்சா துரு போயிரும்னாரு, வீட்ல செஞ்சேன், பளபளன்னு வந்துச்சு (ஆழமான கீறல் ரெண்டு அப்படியேதான் இருக்கு, அதுக்கு மறுபடி முலாம் போடணும்). சல்லி நீட்டினா வாங்கல, பிளேன்டீ வேற குடுத்தாரு. பேர் கூட கேக்காம வந்துட்டேன் அண்ணே, ரொம்ப நன்றி.