கிரேசுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து

அன்புள்ள கிரேஸ்,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. பதில் பிந்தியதற்குக் கைதான் காரணம். காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு விரல் மடங்காது. வெந்நீரில் முக்கி எடுத்த பிறகுதான் காப்பித் தம்ளரையே பிடிக்க முடிகிறது. பேனாவில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றித் தந்திருக்கிறான் பேரன். இந்தக் கையெழுத்தை நம் தமிழ் டீச்சர் பார்த்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார்கள். மூன்று நாளாக எழுதுகிறேன், நடுவில் மை மாறினால் கண்டுகொள்ளாதே.

ஊர்ச் செய்தி பெரிதாக இல்லை. கோயில் அசன விருந்து முடிந்தது, குழம்பில் உப்பு கூடிப்போச்சு. பெரியவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு, படுக்கையில் கிடக்கிற அண்ணனுக்கு விரிப்பு மாற்றும்போது, "நீர் இருக்கிறீரா இல்லையா" என்று மேலே பார்த்துக் கத்திவிட்டதாகவும், அன்றிலிருந்து ஜெபம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். பாவமா என்று வேறு கேட்டிருக்கிறாய். ஏட்டி, பைபிளில் 88ஆம் சங்கீதத்தை எடுத்து வாசி. புலம்புகிற சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது திரும்பி நன்றி சொல்லிவிடும். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று ஆரம்பிக்கிற 22கூடத் துதியில்தான் போய் நிற்கும். இது திரும்பவே திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று குற்றம் சாட்டிவிட்டு அப்படியே முடிந்துபோகும். அதையும் கிழித்துப் போடாமல் பாட்டோடு பாட்டாக வைத்திருந்தார்களே! நீ கத்தினதும் அவரைப் பார்த்துத்தானே? அதைவிட நேரான ஜெபம் நான் இந்த வருஷம் ஒன்றும் செய்யவில்லை.

போன வருஷம் கன்வென்ஷனுக்கு வந்த ஒரு பிரசங்கியார் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, "அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கும்மா, அதான் சுகம் தடைபடுது" என்றார். நானும் ஒரு வாரம் உட்கார்ந்து தேடினேன். எட்டாம் வகுப்பில் உன் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த காம்பஸ் வரைக்கும் வந்துவிட்டேன் (ஆமாம், நான்தான்). அப்புறம்தான் யோவான் சுவிசேஷம் 9ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதானே. இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

பிப்ரவரியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு டோனாவூர் போனோம். மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த கதை ஞாயிறு பள்ளியிலேயே நமக்குத் தெரியும். கடைசி இருபது வருஷத்தை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. 1931 அக்டோபர் 24 காலையில், உமக்கு ஊழியம் செய்ய என்னை எது தகுதிப்படுத்துமோ அதைச் செய்யும் என்று ஜெபித்தார்களாம். அன்றைக்கே, களக்காட்டில் மருத்துவ வேலைக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், கக்கூசுக்காக இடம் மாறித் தோண்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. அப்போது வயது 63. 1951 ஜனவரியில் சாகும்வரை பெரும்பாலும் அந்த அறைதான், அந்தக் கட்டில்தான்.

ஜெபத்துக்குக் கிடைத்த பதில்தான் அந்தக் குழி என்றாள் கூட வந்த ஒருத்தி. எனக்கு ஒப்பவில்லை. குழியை வெட்டினது ஆள், அதுவும் தப்பான இடத்தில். அதைத் தூக்கித் தேவன் தலையில் வைக்க எனக்கு மனசில்லை. எனக்குப் பிடித்தது வேறு. சுகமாக இருக்கிறவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதின புத்தகங்கள் அம்மாவுக்கு ஒட்டவே இல்லையாம். அதனால் படுக்கையிலிருந்தே, நோயாளிக்கு நோயாளி எழுதுகிற மாதிரி எழுதினார்கள். அதைக் கேட்டதும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கல்லறையில் பெயர்க்கல் கிடையாது, பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டிதான்.

"என் கிருபை உனக்குப் போதும்" என்று உனக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! என் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். உடம்பில் முள்ளாகக் குத்தின வேதனையை எடுக்கச் சொல்லி மூன்று தரம் கெஞ்சியும் அது எடுபடாத அப்போஸ்தலன் பவுலுக்கு வந்த வார்த்தை அது. நல்ல கைகாலோடு வருகிறவர் வாயில், வாயை மூடு என்கிற மாதிரி கேட்கிறது. கைக்காக வாரம் ஒருதரம் போடுகிற மாத்திரையை ஞாயிறு ராத்திரி போடுகிறேன், திங்கள் முழுக்கக் குமட்டல். அப்படிக் கிடக்கும்போது அந்த வசனம் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்த நாளும் உண்டு. வராத நாளில் மருமகள் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன். சூரைச்செடிக்குக் கீழே சாகக் கேட்டுப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கும் தூதன் முதலில் அடையும் தண்ணீரும்தானே கொடுத்தான்?

வருகிற வியாழக்கிழமை வருகிறேன். இரண்டு ராத்திரி தங்குவேன். அண்ணனைத் திருப்பிப் படுக்கவைக்க என் கைக்குப் பலம் கிடையாது, அதற்குப் பேரன் கூட வருகிறான். நான் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், நீ மாடிக்குப் போய்த் தூங்கு. ஜெபிக்கச் சொல்ல மாட்டேன். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்து வருகிறேன். மூடியை மட்டும் நீதான் திறக்கணும்.

உன்
லில்லி