எனக்கும் ஒரு நாற்காலி போட்டவர்களுக்கு

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில், வட கரோலினாவின் மோரிஸ்வில்லிலிருந்து இந்த நன்றி மடலை எழுதுகிறேன். உடல் எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போகவைக்கும் என் மனைவியின் நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாமலே நாங்கள் ஆறு ஆண்டுகளைக் கழித்ததால், இங்கே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதியில் பதினெட்டு வயதில் தொடங்கி, இடையில் சில காலம் தணிந்திருந்து, திருமணமாகி இந்த ஊருக்கு வந்தபின் மறுபடியும் அவரைப் பற்றிக்கொண்ட நோய் அது. இந்த மடலை எழுதச் சொன்னவரே அவர்தான். ஒவ்வொரு வரியையும் அவர் படித்துச் சம்மதித்த பிறகே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நாங்கள் சென்ற இடத்தில், சிகிச்சை அவருக்கு மட்டும் என்று சொல்லி என்னை வெளியே அமரச் செய்தார்கள். வயதுவந்த ஒருவரின் அந்தரங்கத்தைக் காப்பது அவர்கள் கடமை என்பதால் அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் ஓராண்டுக் காலம் அவருடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கூடத்தில் காத்திருந்த எனக்கு, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனவே ஒரு நாள் தட்டில் இருக்கும் இட்லியை எண்ணினேன். மறுநாள் எதையும் பார்க்காதவன்போல் எழுந்து போனேன். கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்று அவருடைய விரத நாள்கள் பெருகிக்கொண்டே போனபோது அதைப் பக்தி என்றே நம்பினேன். விரதம் இருக்கும் பெண்ணிடம் நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்பதில்லையே.

நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 40க்கும் கீழே இறங்கியதைக் கண்டு, அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும் என்று உறுதியாக நின்ற எங்கள் குடும்ப மருத்துவருக்கு முதல் நன்றி. பட்டினி கிடந்த உடலுக்கு அவசரப்பட்டு உணவைக் கூட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பின் அளவு சரிந்து இதயத்தையே பாதிக்கும் என்பதையும், அதனால்தான் தினமும் இரத்தம் எடுக்கிறார்கள் என்பதையும் நள்ளிரவில் பொறுமையாக விளக்கிய செவிலியருக்கும் என் நன்றி. அந்த விளக்கம் கிடைக்காமல் இருந்திருந்தால் நானே பையில் தயிர்ச்சாதம் கொண்டுபோய் ஊட்டியிருப்பேன்.

இப்போது, எங்கள் இருவரையும் ஒரே அறையில் அமர வைத்த உளவியல் சிகிச்சையாளருக்கு வருகிறேன். வளரிளம் பருவத்தினருக்கு இந்த நோய் வந்தால் உணவுப் பொறுப்பைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் முறை, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவாகிப் பல நாடுகளில் நிலைபெற்றிருக்கிறது. ஆனால் கணவன் தகப்பனாகிவிட முடியாது. அப்படி ஆக முயன்றால் இல்லறம் கெட்டுப்போகும். இந்த இடைவெளியைக் கண்டுதான், எங்களுக்கு அரைமணித் தொலைவிலுள்ள சேப்பல் ஹில்லில், வட கரோலினாப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிந்தியா புலிக், டொனால்ட் பாகம் ஆகியோரும் அவர்கள் குழுவினரும் துணைவரைச் சேர்த்துச் செய்யும் சிகிச்சையை வகுத்து, அதைப் பற்றி 2011இல் எழுதினார்கள். யூகேன் என்பது அதன் சுருக்கப் பெயர். ஆங்கிலத்தில் 'உன்னால் முடியும்' என்று அது காதில் விழுவதை என் மனைவி மிகவும் விரும்பினார். தனிநபர் சிகிச்சை, மருத்துவக் கண்காணிப்பு, உணவு ஆலோசனை ஆகியவற்றுக்கு மாற்றாக அல்லாமல், அவற்றோடு சேர்த்தே அது நடக்கும். இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் இப்பெயரை இட்ட மருத்துவர் வில்லியம் கல், 1874இல் வெளியான தம் கட்டுரையில், உறவினரையும் நண்பரையும் மோசமான பராமரிப்பாளர்கள் என்றே கருதினார். அந்தக் கருத்தின் நிழலில்தான் நானும் ஓராண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன் போலும்.

அறைக்குள் எனக்கு முதலில் கற்பிக்கப்பட்டது கேட்பது. ஒருவர் பேச, மற்றவர் தமக்குக் கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். பகிர்ந்துகொள்வதற்கான பேச்சு வேறு, முடிவெடுப்பதற்கான பேச்சு வேறு. பொறியாளனாகிய நான் முதல் மூன்று வாரங்களும் தீர்வு சொல்லியே தோற்றேன். பிறகுதான், "இன்னும் இரண்டு வாய் சாப்பிடேன்" என்ற என் கெஞ்சல் அவருக்குக் கட்டளையாகக் கேட்டிருக்கிறது என்பதும், "இப்போது பார்க்க நன்றாக இருக்கிறாய்" என்ற என் பாராட்டை அவர் "குண்டாகிவிட்டாய்" என்று கேட்டு இரவு முழுதும் அழுதிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியவந்தன. இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம்: அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன், உணவைப் பற்றிப் பேச மாட்டேன், அவர் கை நின்றால், "கஷ்டமாக இருக்கிறதா?" என்று ஒரே ஒருமுறை கேட்பேன். உண்டபின் வரும் அரைமணி நேரமே அவருக்கு மிகக் கொடியது என்பதால், அந்த நேரத்தில் பல்லாங்குழி ஆடினோம். தொடுதலைப் பற்றியும், தன் உடல்மீது அவருக்கிருந்த வெறுப்பு எங்கள் நெருக்கத்தை எப்படி விழுங்கியிருந்தது என்பதைப் பற்றியும் பேசிய வாரங்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அவற்றை அந்தச் சிகிச்சையாளர் நடத்திய கண்ணியத்திற்கு மட்டும் தனியாக ஒரு வணக்கம் வைக்கிறேன்.

உணவியல் நிபுணர் அம்மையார் இட்லியை அதுவரை சுவைத்ததில்லை. ஆயினும் மூன்று வேளை உணவும் மூன்று வேளைச் சிற்றுணவும் கொண்ட திட்டத்தை எங்கள் அடுக்களைக்கு ஏற்றபடி எழுத வேண்டும் என்று, மிளகாய்ப் பொடியில் எவ்வளவு நல்லெண்ணெய் குழைப்போம் என்பதுவரை கேட்டறிந்தார்.

கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்த என் மாமியார், அந்தத் திட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தார். பல்லாங்குழியும் அவருடைய பெட்டியில் வந்ததுதான். தம் வளர்ப்பில்தான் குறை என்று அவர் பல இரவுகள் கலங்கினார். ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுத் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, இந்நோய்க்கு மனத்தோடு, உணவை உடல் ஆற்றலாக்கும் வளர்சிதை மாற்றத்திலும் வேர் இருப்பதாகக் காட்டியதைச் சிகிச்சையாளர் அவருக்கு எடுத்துச் சொல்ல, நான் வரிவரியாகத் தமிழாக்கினேன். "அப்போ நான் பண்ணினதில்லையா?" என்று இரண்டுமுறை கேட்டுவிட்டு, அன்றுதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

இந்நாட்டின் 1993ஆம் ஆண்டு விடுப்புச் சட்டப்படி, வாழ்க்கைத்துணையைக் கவனித்துக்கொள்ள ஆண்டுக்கு 12 வாரம்வரை ஊதியமில்லா விடுப்பு உண்டு என்பதும், அதைத் துண்டுதுண்டாகவும் எடுக்கலாம் என்பதும் எனக்குத் தெரியாது. தாமாகவே அதைச் சொல்லி, இந்தச் சிகிச்சை நடந்த 22 வாரமும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலை எனக்கு விட்டுக்கொடுத்த என் மேலாளருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். "என்ன டயட் இருக்கீங்க, இப்படி இளைச்சுட்டீங்களே?" என்று என் மனைவியிடம் ஆசையோடு கேட்டுவந்த தோழியர், விஷயம் அறிந்தபின், பொங்கல் விழாவில் எவருடைய உடம்பைப் பற்றியும் பேசுவதில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்து, அதை இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள். அந்தச் செயலின் அருமை அவர்களுக்கே முழுதாகத் தெரியுமோ என்னவோ, எங்களுக்குத் தெரியும்.

நோய் முற்றிலும் போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். அது திரும்ப எட்டிப் பார்த்தால் எந்த அறிகுறியை யார் கவனிப்பது, யாரை அழைப்பது என்று சிகிச்சையின் கடைசி வாரங்களில் இருவரும் சேர்ந்து எழுதிய தாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் நான்காவது வரி அவருடைய கையெழுத்தில் இருக்கிறது: "நான் விரதம் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள்."

நன்றியுடன்,
மோரிஸ்வில்லிலிருந்து ஒரு கணவன்