வெளியே காவல் நின்ற அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். குழந்தை நலம். நானும் நலம்தான், சட்டென்று எழுந்து நின்றால் மட்டும் இன்னும் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. பிரசவ அறையில், குழந்தை பிறந்தபிறகு உதிரம் நிற்காமல் கொட்டியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நீங்களும் ஒருமுறை பதறியது போதும்.

மொத்தமாக ஒரு நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, போகும் உதிரத்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவருக்கு. 500 மில்லியைத் தாண்டினால் ஆபத்து என்கிறார்கள். தாண்டப்போகிறது என்று அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. கருப்பை இறுகும்வரை அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்த செவிலியருக்கு. அந்த வலியில் பிரசவ வலியே மறந்துபோனது, அதற்கும் சேர்த்து நன்றி. நள்ளிரவில் இரத்த வங்கிக்கு ஓடிய தம்பிக்கும் அவனுடைய நண்பர்களுக்கும், எப்போதோ இரத்தம் கொடுத்துவிட்டுப் போன முகம் தெரியாதவர்களுக்கும், பெரியவளைத் தன் மகள்போல வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தைக்கும். உங்களுக்குக் கைம்மாறு செய்ய என்னால் ஆகாது.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. வார்டில் இரவுப் பணியில் இருந்த துப்புரவுப் பணியாளர். அக்கா என்றே கூப்பிட்டேன், அப்படியே எழுதுகிறேன்.

உதிரப்போக்கு நின்று, சிறுநீர் போவதற்காக வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். இனி நானாகப் போகவேண்டும். "போனீர்களா?" என்று செவிலியர் வந்து வந்து கேட்டார். வேலையற்ற கேள்வியில்லை அது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களைக் கருப்பைத் தசை சுருங்கித்தான் நெரித்து மூடுகிறது. சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டால் அது கருப்பையை மேலே ஒரு பக்கமாகத் தள்ளும், தசை தளரும், மறுபடி உதிரம் கொட்டலாம். அதனால்தான் 6 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். இதையெல்லாம் எனக்கு நன்றாகவே விளக்கினார்கள். விளக்க விளக்கப் பயம் கூடியது, பயத்தில் உடம்பு இன்னும் இறுகிக்கொண்டது. தையல் போட்ட இடத்தில் நெருப்பு.

தரை துடைக்க வந்த அக்கா, நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். எழுந்திருக்கப் போனவளைத் தோளில் கைவைத்து நிறுத்தினார். "காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்சம் உட்காரம்மா. தலை சுற்றல் நிற்கட்டும்." நின்றபிறகு அக்குளில் கைகொடுத்துக் கழிப்பறைவரை நடத்திப் போனார். தண்ணீர்க் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டார். ஒரு குவளையில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "போகும்போதே இதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள், எரியாது. தாழ்ப்பாள் போடாதே. நான் இங்கேயேதான் நிற்பேன்."

நின்றார். யாரோ வந்து கதவைத் தள்ளப் பார்த்தது கேட்டது. "உள்ளே ஆள் இருக்கிறார்கள். நேரமாகும். அந்தப் பக்கம் போங்கள்" என்று அக்கா சொன்னதும் கேட்டது.

நேரமாகும். அன்று முழுக்க எல்லோரும் என்னிடம் எப்போது, எப்போது என்றுதான் கேட்டார்கள். கேட்கவேண்டியவர்கள், கேட்டதும் என் நன்மைக்குத்தான். ஆனாலும், இவளுக்கு நேரமாகும் என்று எனக்காக இன்னொருவரிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதன்பிறகு அதிக நேரம் ஆகவில்லை.

வெளியே வந்தபோது அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "மயக்கம் இல்லையே?" என்று கேட்டார். கட்டிலில் படுக்கவைத்தார், செவிலியரிடம் போய்ச் சொன்னார், துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். நோயாளிக் குறிப்பில் இது ஒரு வரியாக ஏறியிருக்கும்: சிறுநீர் கழித்தார், இத்தனை மணிக்கு. அக்காவைப் பற்றி எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

பிரசவ நேரத்தில் பெண் தனக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2018இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நல்லது. ஆனால் துணை தேவைப்படுவது பிள்ளை வெளியே வரும்வரை மட்டுமா? அதற்குப் பிறகுதான் எனக்கு அதிகம் தேவைப்பட்டது, அதுவும் கழிப்பறை வாசலில். அங்கே நிற்கும்படி அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அவருடைய வேலையும் அல்ல அது.

அக்கா, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். பால்கொடுக்கும் காலம் முடிந்து, என் இரத்த அளவும் தேறியபிறகு நான் இரத்தம் கொடுக்கப் போகிறேன். எனக்கு ஏற்றிய பைகளை வங்கிக்குத் திருப்பித் தரவேண்டும். அதற்கு முன்னால் 6 வாரப் பரிசோதனைக்கு அங்கேதான் வருவேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வருகிறேன். பகல் பணியாக இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் இரவுவரை இருந்து பார்த்துவிட்டே போவேன்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தொலைபேசியை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தை தூங்கும்போது நானும் தூங்குகிறேன், மருத்துவர் உத்தரவு.

அன்புடன்,
உங்கள் தோழி