எச்சில் மாதிரி சேகரிப்பைச் சீர்செய்யக் கோரும் மனு

அனுப்புநர்: மேட்டுத்தெரு, கீழத்தெரு பொதுமக்கள்
பெறுநர்: உயர்திரு மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்
பொருள்: காய்ச்சல் முகாமில் எச்சில் மாதிரி எடுத்து அனுப்பும் முறையைச் சீர்செய்யக் கோருதல் – தொடர்பாக
பார்வை: திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஏற்கெனவே அளித்த மனுக்கள்

ஐயா,

வணக்கம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் தாங்கள் அறியாததல்ல. பஸ் திரும்பும் இடத்தில், ஒரே வராண்டாவோடு இருக்கிற கட்டடம். மூக்கில் குச்சி விட்டால் பிள்ளைகள் அலறுகிறார்கள் என்று எச்சில் மாதிரி எடுக்க ஆரம்பித்தீர்கள், அதற்கு நன்றி. எடுக்கிற விதம் பற்றி எழுதிய மனுக்களுக்கு ரசீது மட்டும்தான் வந்தது. ஆகவே மீண்டும் பணிவுடன்:

1. மாதிரி கொடுக்க அரை மணிக்கு முன்பிருந்தே சாப்பாடு, டீ, வெற்றிலை கூடாது. இதை டோக்கன் கொடுக்கும்போதே சொல்லலாம். டப்பாவைக் கையில் கொடுத்த பிறகுதான் சொல்கிறார்கள்.

2. சேகரித்த டப்பாக்கள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். இங்கே ஐஸ் பேக் இல்லாத பெட்டியில், சாயங்காலம் வண்டி வரும்வரை ஜன்னலோர வெயிலில் கிடக்கின்றன. மூடி சரியாகத் திருகாமல் எச்சில் கசிந்து, ஸ்டிக்கரில் எழுதிய பெயர் கலைந்துவிடுகிறது. அப்புறம் லேபிலிருந்து “மாதிரி தகுதியற்றது, மறுபடி அனுப்பவும்” என்று வருகிறது.

3. எங்களால் பொறுக்க முடியாதது வயதானவர்கள் படும் பாடு. காய்ச்சலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கும் பாட்டிக்கு 2 மில்லி எச்சில் எங்கிருந்து வரும்? கைக்குழந்தையோடு தடுப்பூசிக்குக் காத்திருக்கும் தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருக்க, “இருமிச் சளியைத் துப்பாதீங்க, வாயில ஊறுறதுதான் வேணும், நுரை ஆகாது” என்று சத்தம். பாட்டி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, டப்பாவை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக் குனிந்தே இருக்கிறார். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக் கோட்டை எச்சில் தொடுவதற்குள் கழுத்து வலி வந்துவிடுகிறது. தண்ணீர் கேட்டால், குடித்துவிட்டு இன்னும் அரை மணி உட்காரச் சொல்கிறார்கள். இத்தனைக்குப் பிறகு அதே பாட்டியை, மாதிரி கெட்டுப்போச்சு என்று மறுபடி கூப்பிட்டால் எப்படி ஐயா? கெடுத்தது அவரா? ஃப்ளூவுக்கான ஓசல்டமிவிர் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்பது தங்களுக்குத் தெரியாததா? மறுமுடிவு வருவதற்குள் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கிவிடுகிறது!

நாக்பூரில் உள்ள நீரி என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் உப்புநீர்க் கொப்பளிப்பு முறைக்குக் கொரோனா பரிசோதனைக்காக 2021-லேயே ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஒப்புதல் தந்தது. உப்புநீரை 15 விநாடி தொண்டையில் கொப்பளித்து, வாயையும் அலசி, உப்புநீர் இருந்த அதே சோதனைக் குழாயில் துப்பினால் போதும். வாய் வறண்டவர்களுக்காவது அந்த வழியைத் திறந்துவிடக் கூடாதா?

4. மறைப்புக்கு ஒரு திரை. அதுகூடவா கிடைக்காது?

அடுத்த முகாம் வியாழக்கிழமை. அதற்குள் ஐஸ் பேக்குக்கும் திரைக்கும் உத்தரவிட்டு, பெரியவர்களுக்குக் கொப்பளிப்பு முறைக்கு ஏற்பாடு செய்யுமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேட்டுத்தெரு, கீழத்தெரு பொதுமக்கள்