பாலம் புராஜெக்ட் விஷயமா பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்,

காலாண்டு ரேங்க் கார்டு எல்லார் கைக்கும் வந்திருக்கும், மொத்தத்துல ரிசல்ட் நல்லாவே இருக்கு. ஸ்போர்ட்ஸ் டே நல்லபடியா முடிஞ்சுது, சயின்ஸ் எக்ஸிபிஷன்ல பிள்ளைங்க அசத்திட்டாங்க, கட்டுரைப் போட்டியிலயும் பரிசு வந்திருக்கு. எல்லாருக்கும் வாழ்த்துக்கள். அரையாண்டு டைம்டேபிள் சீக்கிரம் அனுப்புறோம்.

இப்போ எட்டாம் வகுப்பு பாலம் புராஜெக்ட் பத்தி கொஞ்சம் பேசணும்.

திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவுல தாமிரபரணி மேல தினமும் சுலோச்சன முதலியார் பாலத்துல தான் போறோம் வர்றோம், ஆனா அது யாரு காசுல கட்டினதுன்னு நம்ம பிள்ளைங்க பல பேருக்கு தெரியல, அதனால தான் இந்த புராஜெக்டே குடுத்தோம். முன்னாடி எல்லாம் தாமிரபரணியை படகுல தான் கடக்கணும், ஆத்துல வெள்ளம் வந்தா நெல்லை ஒரு பக்கம் பாளை ஒரு பக்கம்னு அப்படியே நின்னுரும். கலெக்டர் தாம்சன் காலத்துல பாலம் கட்டலாம்னு பேச்சு வந்து, லண்டன்ல தேம்ஸ் ஆத்து மேல இருந்த வாட்டர்லூ பாலத்தை பார்த்து கேப்டன் பேபர் பிளான் போட்டார், செலவு சுமார் 50 ஆயிரம் ரூபாய்னு கணக்கு வந்துச்சு. அந்த காலத்துல அது எவ்வளவு பெரிய பணம்! ஜனங்ககிட்ட வசூல் பண்ணலாமான்னு யோசிச்சப்போ, கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா, அதாவது தலைமை அதிகாரி மாதிரி பதவியில இருந்த சுலோச்சன முதலியார் தான் செலவை நான் ஏத்துக்கிறேன்னு முன்வந்தார். அவர் சம்சாரம் போட்டிருந்த நகையை கழட்டி குடுத்தாங்கன்னு ஊர்ல இன்னைக்கும் சொல்லுவாங்க. 1843 நவம்பர்ல பாலத்தை திறந்தாங்க.

பிள்ளைங்க இதை எவ்வளவு ஆசையா எடுத்துக்கிட்டாங்கன்னு கிளாஸ்ல உக்காந்து பார்த்தேன். பழைய அளவு 760 அடி நீளம், 21½ அடி அகலம், ஒவ்வொண்ணும் 60 அடியில 11 வளைவுன்னு டீச்சர் போர்டுல எழுதி முடிக்கல, ஒரு பொண்ணு எந்திரிச்சு, வளைவுக்கே 660 போயிருச்சு டீச்சர், மிச்சம் 100 அடி, நடுவுல 10 தூண், அப்போ ஒரு தூணு 10 அடி தடிமனா இருக்கும்லன்னு கேட்டா. இதைவிட ஒரு வாத்தியாருக்கு என்ன வேணும்.

பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, பாலத்தை பின்னாடி அகலப்படுத்திட்டதால மேல நின்னா பஸ்ஸும் பைக்கும் தான் தெரியும், அந்த பழைய வளைவை பார்க்கணும்னா ஆத்துக்கு தான் இறங்கணும். போன ரெண்டு வாரமா நம்ம பிள்ளைங்க கூட்டமா, பெரியவங்க யாரும் இல்லாம, வீட்டு போனை கையில எடுத்துக்கிட்டு கொக்கிரகுளம் பக்கமா இறங்கி தூண் கிட்ட வரைக்கும் போயிருக்காங்க. போட்டோன்னு ஆரம்பிச்சு ரீல்ஸ் வரைக்கும் போயிருச்சு. ஒரு வீடியோவை நானே பார்த்தேன், முழங்கால் தண்ணியில பாசி பிடிச்ச கல்லு மேல ஒரு பையன் நிக்கிறான், இன்னொருத்தன் போனை பார்த்துக்கிட்டே பின்னாடி பின்னாடி நடக்கிறான். நெஞ்சு பதறிடுச்சு.

போன் பண்ணி கேட்டப்போ சில பேரு, புராஜெக்ட்டுக்கு தானே சார் போயிருக்கான்னு சொன்னீங்க. உங்க ஆர்வம் புரியுது, பிள்ளை படிக்கிறான்னு நினைச்சு தான் போனை குடுத்திருக்கீங்க, அதுல தப்பு சொல்ல வரல. ஆனா இது வடகிழக்கு பருவமழை நேரம். இங்க வெயில் அடிக்கும், மலையில மழை கொட்டும், பாபநாசம் அணையிலயோ மணிமுத்தாறு அணையிலயோ தண்ணி திறந்தா இங்க மட்டம் ஏறுறது கரையில நிக்கிற பிள்ளைக்கு தெரியவே தெரியாது. 2023 டிசம்பர்ல இந்த ஆறு எப்படி வந்துச்சுன்னு நம்ம எல்லாரும் கண்ணால பார்த்தோம்.

அதனால கண்டிப்பா சொல்றேன். பெரியவங்க துணை இல்லாம எந்த பிள்ளையும் ஆத்துல இறங்கக்கூடாது. ஆத்துக்குள்ள நின்னு எடுத்த போட்டோ புராஜெக்ட்ல இருந்தா அதை வாங்க மாட்டோம், அதுக்கு மார்க்கும் கிடையாது. ஸ்கூல் யூனிஃபார்ம்ல ரீல்ஸ் போட்டா அப்பா அம்மா ரெண்டு பேரையும் கூப்பிட்டு தான் பேசுவேன், இதுல யாருக்கும் விதிவிலக்கு இல்ல.

வளைவை கையால வரைஞ்சா போதும், அளவு எல்லாம் கிளாஸ் நோட்டுலயே இருக்கு. வீட்டுல தாத்தா பாட்டி இருந்தா பழைய பாலம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டு நாலு வரி எழுத சொல்லுங்க, போட்டோவை விட எனக்கு அது தான் பெருசு. மழை விட்டதும் டீச்சருங்க துணையோட நாங்களே பிள்ளைங்களை கூட்டிட்டு போய் கரையில நின்னு காட்டுறோம். கூட வர முடியுற பெற்றோர் கிளாஸ் டீச்சர்கிட்ட பேரு குடுங்க, ரொம்ப உதவியா இருக்கும்.

அந்த வீடியோவை எனக்கு அனுப்பி வச்ச அம்மாவுக்கு மனசார நன்றி, நீங்க சொல்லலைன்னா எங்களுக்கு தெரிஞ்சிருக்காது. நேத்தே பிள்ளைகிட்ட பேசி போனை வாங்கி வச்ச பெற்றோர்களுக்கும் நன்றி. டைரியில இந்த கடிதத்துக்கு கீழ கையெழுத்து போட்டு திங்கக்கிழமை குடுத்து விடுங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்