டாங்ரா ஆன்ட்டிக்கு

அன்புள்ள ஆன்ட்டி,

போன வாரம் கொல்கத்தாவில் டாங்ராவுக்கு, உங்கள் சீனர் பேட்டைக்குப் போயிருந்தேன். உங்கள் ஹோட்டல் பூட்டிக் கிடக்கிறது. பின்சந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நாலாம் நம்பர் மேஜை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன் கீழே தரையில் ஓடும் அந்தச் சிறு வாய்க்காலும். அங்கே தோல் பதனிட்ட காலத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் ஓடிய வாய்க்கால். அதை மூட அங்கிளுக்குக் கடைசிவரை மனசே வரவில்லை.

2003இல் தோல் கெமிக்கல் விற்க வாணியம்பாடியிலிருந்து வந்த பையன் நான். டாங்ராவில் இறங்கியதும் மூக்கில் ஏறியது எங்கள் ஊர் நாற்றம்தான். கீழே மர டிரம்கள் உருள, மாடியில் நீங்கள் எல்லாரும் குடியிருந்தீர்கள். மைத்துனர், ஓரகத்தி, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரே அடுப்பு. தோலின் ஓரம் வெட்டுவதிலிருந்து ஆட்களுக்குக் கூலி எண்ணிக் கொடுப்பதுவரை பெண்கள் கை படாத வேலை இல்லை. வந்த அன்றைக்கே, "சைனாவிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்று இந்தியில் கேட்டேன். "நான் அசாமில் பிறந்தவள். நீ எப்ப வந்தே? சாப்பிட்டியா?" என்றீர்கள். உப்பில் ஊறிய கடுகுக்கீரை போட்டுப் பன்றிக்கறி, கூடவே சோறு. அப்புறம் எத்தனையோ ராத்திரி உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

1996ஆம் வருஷம் நம் இரண்டு ஊரையும் உச்ச நீதிமன்றம் தொட்டது. ஆகஸ்டில் தோல் கழிவு எங்கள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் தீர்ப்பு. டிசம்பரில் டாங்ரா, தில்ஜலா, தோப்சியா பக்கத்து டேனரிகள், சுமார் 550, ஊரைவிட்டுப் போகவேண்டும் என்ற உத்தரவு. அது நடைமுறைக்கு வரத்தான் வருஷங்கள் ஆயின. பாலாறு செத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். தீர்ப்பைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் ஊருக்கு வெளியே பந்தலாவில் புதிதாக மனை வாங்கி, மெஷின் இறக்க, கூட்டுக் குடும்பமாக ஒரே கூரையில் பிழைத்தவர்களிடம் பணம் ஏது? அங்கிள் டிரம்மைப் பிரித்து அதன் பலகையில் மேஜை செய்தார். நீங்கள் கடாயை எடுத்தீர்கள். எங்கள் ஊர்த் தள்ளுவண்டியில்கூட ஹக்கா நூடுல்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஹக்கா என்பது உங்கள் சனத்தின் பெயர் என்று அங்கே சாப்பிடுகிற எத்தனை பேருக்குத் தெரியும்?

இதையெல்லாம் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பையைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

கல்லாவுக்குக் கீழே ஒரு ரெக்சின் பை. ஒருநாள் கடை சாத்தியபின் திறந்து காட்டினீர்கள். பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆளுக்கொரு கம்பளிச் சட்டை. சீனாவோடு போர் நடந்த 1962 நவம்பரில் அசாமின் மாகுமில் போலீஸ் வந்தபோது உங்களுக்கு எட்டு வயது. கட்டியிருந்த துணியோடு ஏற்றினார்கள் என்றீர்கள். பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ எதிரி நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும், பிடித்துவைக்கலாம் என்று சட்டத்தையே மாற்றியிருந்தார்கள். வழக்கு கிடையாது, விசாரணை கிடையாது. ஏழு நாள் ரயில், அப்புறம் ராஜஸ்தானின் தேவ்லி முகாம். சுமார் 3,000 பேர். சிலர் அங்கிருந்து வெளியே வர 1967 ஆயிற்று. திரும்பிப் போனவர்களில் பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை, ஏலம் போயிருந்தது.

ரயில் வந்து நின்றது என்று சொன்னீர்கள். அந்த இடத்தில் நான், "பழைய கதை ஆன்ட்டி, விடுங்க" என்றேன். நீங்கள் பையை மூடி உள்ளே தள்ளிவிட்டு எனக்கு டீ ஊற்றினீர்கள். அதற்குப்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

2020 ஜூனில் கல்வான் எல்லையில் இந்திய, சீனப் படைகள் மோதிய செய்தி வந்த ராத்திரி உங்களுக்குப் போன் செய்தேன். "பையை வெளியே எடுத்து வைத்துவிட்டேன்" என்றீர்கள். குரல் நடுங்கவில்லை, சமையல் ஆயிற்றா என்று கேட்டதற்குச் சொல்கிற பதில் மாதிரி இருந்தது. அறுபத்தாறு வயதில், ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அடுத்த வருஷம் மகனோடு டொராண்டோ போய்விட்டீர்கள்.

அரசு இன்றுவரை உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அரசுக்காகக் கேட்க நான் யார்? எனக்காகக் கேட்கிறேன். உங்கள் சோற்றைத் தின்றவன், உங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கவேண்டும். மன்னித்துவிடுங்கள் ஆன்ட்டி. எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுவது, தேவ்லி என்ற பெயரே என் ஊரில் யாருக்கும் தெரியாது என்பதால்தான்.

இந்தியில் எழுதி மகனுக்கும் அனுப்பியிருக்கிறேன், படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன். ரயில் வந்து நின்றதிலிருந்து சொல்லுங்கள். குறுக்கே பேசமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கெமிக்கல் பையன்